கோனைக் கழற்றியது யார்? தாள், போன், குரல் பதிவு: ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினேன். கூட்டி வந்தது கல்லூரியில் படிக்கும் பையன். மருந்துச் சீட்டு, தமிழில் அச்சடித்த அறிவுரைத் தாள், காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோன் எல்லாம் கொடுத்து, "புரிஞ்சுதா தம்பி?" என்று கேட்டு, "புரிஞ்சுது சார்" என்று பதிலும் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள். கழுத்தில் கோன் இல்லை. வயிற்றில் நான்கு தையலைக் காணோம், தோல் பிளந்து கிடக்கிறது, அதன் மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும். நல்ல வேளையாக உள்ளே தசையில் போட்ட தையல் பிடித்திருந்தது. அதுவும் விட்டிருந்தால் குடல் வெளியே வந்திருக்கும்.

கோனைக் கழற்றியது பாட்டி. "தட்டுல வாய வைக்க முடியாம அது படுற பாட்டப் பாக்க முடியல டாக்டரே. வாயில்லா ஜீவன்." நான் கொடுத்த தாள்? பையனுடைய பைக்கில் டேங்க் கவருக்குள் நான்காக மடித்தபடி பத்திரமாக இருந்தது. பாட்டி அதைப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது வாட்ஸ்அப் குரல் பதிவில் நிற்கிறேன். நான் அந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதில் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நக்க விடாதே, நனைக்காதே, ஓடவும் குதிக்கவும் விடாதே, மாத்திரையை நடுவில் நிறுத்தாதே, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் தையல் பிரிக்க வா. யாரிடம், எப்படிச் சொன்னால் அது நடக்கும் என்பதில்தான் சிக்கல்.

அலட்சியத்தால் கேட்காமல் போகிறவர்கள் குறைவு. இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று பாவம் பார்ப்பது. மற்றது மூன்றாம் நாள். வலி மாத்திரை வேலை செய்து, நாய் வாலை ஆட்டி, வாசலுக்கு ஓடுகிறது. "அதான் சரியாயிடுச்சே" என்று கோனும் போகும், மாத்திரையும் போகும். ஆனால் முதல் வாரத்தில் காயத்துக்குச் சொந்த பலம் என்று அநேகமாக எதுவும் கிடையாது. தையல்தான் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் ஆன பிறகும் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வந்திருக்கும். வெளியே பார்க்க ஆறினது போலவே இருக்கும். இது போதாதென்று, நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்ற நம்பிக்கை வேறு. அந்த நாக்குதான் நைலான் தையலை முடிச்சோடு உருவி எடுக்கிறது.

முதலில் தாள். செலவு குறைவு, எல்லோருக்கும் ஒரே செய்தி, நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் "சொன்னேனே" என்று காட்டச் சான்று. இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் நம்மில் பாதிப் பேர் தாள் கொடுக்கிறோம் என்பது என் சந்தேகம். நாயைக் கூட்டிப் போகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் நாய் அனத்துகிறது, ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கிறார், பில் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் கையில் கொடுக்கும் தாள் பைக்குள்தான் போகும். வாயால் சொன்னாலும் இதே கதைதான். மருத்துவர்கள் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று மனித மருத்துவத்தில் 2003-இல் வந்த ஒரு கட்டுரை சொல்கிறது. அது தன் உடம்பைப் பற்றிக் கேட்டவர்களின் நிலை. இங்கே நாயின் உடம்பைப் பற்றிப் பேரன் கேட்டு, அதைப் பாட்டியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

வாயால் சொல்வதில் ஒரு சின்ன மாற்றம் உதவியது. "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்கிறேன். முழித்தால் இன்னொரு தடவை சொல்கிறேன். இதற்குப் பைசா செலவில்லை, இன்றும் தொடர்கிறேன்.

அடுத்து போன். மறுநாள் நாமே கூப்பிட்டு விசாரிப்பதுதான் இவற்றில் மிகச் சிறந்தது என்று பல மாதங்கள் நம்பினேன். இப்போதும் ஆள் பலம் உள்ள கிளினிக்குக்கு அதையே சொல்வேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு உதவியாளர். கூட்டம் உள்ள நாளில் முதலில் விட்டுப் போவது இந்த போன்தான். ஆபரேஷன் அதிகம் செய்ததும் அதே நாளாக இருக்கும். அட்டையில் எழுதியிருக்கும் எண்ணும் அந்தப் பையனுடையது. அவன் வகுப்பில் இருந்துகொண்டு, "நல்லா இருக்கு சார்" என்பான். எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு. பிறகு கேள்வியை மாற்றினேன். "இப்ப, இந்த நிமிஷம், கழுத்துல கோன் இருக்கா? நேத்து ராத்திரி எங்க படுத்துச்சு?" இப்படிக் கேட்டால் உண்மை வரும், அல்லது "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று வரும். இந்த இரண்டாவது பதில்தான் என் கண்ணைத் திறந்தது.

நான் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தது நாயைக் கொண்டுவரும் ஆளோடு. நாயைப் பார்த்துக்கொள்ளும் ஆளோடு இல்லை. எங்கள் பக்கம் நாயைக் கிளினிக்குக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பைக் ஓட்டத் தெரிந்த ஆண். சோறு வைப்பது, கட்டிப் போடுவது, ராத்திரி முனகினால் எழுந்து பார்ப்பது எல்லாம் அம்மாவோ பாட்டியோ. தோட்டத்து நாயாக இருந்தால் காவலுக்கு இருக்கும் பெரியவர். தாள் நல்லதா, போன் நல்லதா என்று ஒப்பிட்டதெல்லாம் இதற்கு அப்புறம் வரவேண்டிய கேள்வி. அந்த ஆளின் காதுக்குப் போகாத எந்த வழியும் நம் மனத் திருப்திக்குத்தான்.

ஆகவே இப்போது ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும்போதே, "வீட்டில் இதுக்குச் சோறு வைக்கிறது யாரு?" என்று கேட்டு அட்டையில் எழுதிவிடுகிறேன். பெயர்கூட வேண்டாம், பாட்டி, அத்தை, வாட்ச்மேன் தாத்தா என்று உறவு போதும். நாய் கிளம்பும்போது, பையனை எதிரில் நிற்க வைத்தே, ஒரு நிமிடத்துக்குள் அந்த ஆளுக்கென்று குரல் பதிவு செய்து அனுப்புகிறேன். "பாட்டிம்மா, நான் நாய் டாக்டர் பேசுறேன். நம்ம ராணிக்கு வயித்துல தையல் போட்டிருக்கு..." என்று ஆரம்பிக்கும். நாயின் பெயர் கட்டாயம் வர வேண்டும். பெயர் சொன்னால் அது அவர்கள் வீட்டுச் செய்தி, இல்லாவிட்டால் காலை வணக்கத்தோடு வரும் இன்னொரு ஃபார்வேர்டு.

பேரன் அதை வீட்டு குரூப்பில் போடுகிறான். பாட்டி கண்ணாடி தேட வேண்டியதில்லை. மூன்றாம் நாள் சந்தேகம் வந்தால் மறுபடி போட்டுக் கேட்கலாம். வீட்டுக்கு வரும் சித்தப்பா "கோனெல்லாம் எதுக்கு, நம்ம காலத்துல யாரு போட்டா" என்று ஆரம்பித்தால், பாட்டியே அதைப் போட்டுக் காட்டுகிறார். நான் அங்கே இல்லாமலே என் கட்சிக்கு ஓர் ஆள்.

பேசும் விஷயத்தையும் மாற்றினேன். "கழற்றவே கூடாது" என்று சொன்ன காலத்தில் ஒளித்துக் கழற்றினார்கள். இப்போது, "சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம், நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தா. தட்டு காலியானதும் மாட்டிடணும்" என்கிறேன். தட்டை ஒரு செங்கல் மேல் வைக்கச் சொல்கிறேன். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒடுங்கின தலை நாய்களுக்குக் கோன் நழுவி விடும். அதைக் கழுத்துப் பட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வயிற்றுக் காயத்துக்குப் பழைய பனியனை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டாலும் ஓரளவு காக்கும் (லாப்ரடார் அதையும் தின்றுவிடும், அது வேறு கதை). பாட்டிக்கு இருந்த இரக்கத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன், அவ்வளவுதான்.

அதோடு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் காயத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். காயத்துக்காகக் கேட்கும் போட்டோவில் வீடே தெரிகிறது. பின்னால் கட்டில் காலில் கோன் தொங்கும். மொட்டை மாடிப் படியில் நாய் நிற்கும். ஈரத் தரை தெரியும். இதையெல்லாம் போனில் கேட்டிருந்தால் "நல்லா இருக்கு சார்" தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. போட்டோவுக்கு வாசனை கிடையாது. சீழ் வாடையை மூக்குதான் கண்டுபிடிக்கும். வீக்கம் நீர் கோத்ததா, புண் உள்ளே பழுத்ததா என்பதைத் தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. சந்தேகம் என்றால் கொண்டு வரச் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்கு நாயின் வயிறு போனில் வந்து விழுவது இந்த முறைக்கு நாம் கொடுக்கும் விலை. தனி எண் வாங்கி, போட்டோக்களைக் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் பார்ப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஈறு வெளுத்துப்போனால், வாந்தி நிற்காவிட்டால், வயிறு உப்பினால், காயம் வாய் திறந்தால் மெசேஜ் போட்டுவிட்டு நீல டிக்குக்குக் காத்திருக்கக் கூடாது, போன் அடிக்க வேண்டும். இதையும் அந்தப் பதிவின் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு ஆபத்தைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். குரல் பதிவு ஊர் சுற்றும். மாத்திரைப் பெயரும் அளவும் அதில் இருந்தால், பக்கத்து வீட்டு நாய்க்கும் அதே அளவு போகும். அதனால் மருந்து விவரத்தைக் குரலில் சொல்வதே இல்லை. அது சீட்டில் மட்டும். குரலில் சொல்வது ஒன்றே ஒன்று: மனுஷ மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் பிணம் தின்னும் கழுகுகளைக் கொன்று, 2006-இல் அதைக் கால்நடை வைத்தியத்தில் தடை செய்ய வேண்டி வந்தது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கென்று கேட்டால் இன்றும் கிடைக்கிறது.

கீழ்ப்படிய வேண்டிய வேலையையே குறைத்துவிடலாமே என்றும் யோசித்தேன். வெளியே நைலானுக்குப் பதில், தானே கரையும் நூலால் தோலுக்குள்ளேயே தைத்துவிட்டால் நாய்க்குக் கடிக்க முனை கிடைக்காது, பிரிக்கவும் வர வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிக்க வேண்டிய தையல் இல்லை என்றால் ஆளும் வருவதில்லை. நைலான் தையல் நாயின் தோலை மட்டும் கட்டி வைக்கவில்லை, அந்த வீட்டையும் என் கிளினிக்கோடு கட்டி வைக்கிறது. அதனால் பெரும்பாலும் நைலானிலேயே இருக்கிறேன், தையல் பிரிக்கும் காசையும் முதலிலேயே ஆபரேஷன் கட்டணத்தில் சேர்த்துவிட்டேன். கொடுத்த காசுக்காவது வருகிறார்கள். கட்டுக்கடங்காத நாய், தூரத்து ஊர் என்றால் மட்டும் உள்தையல்.

கிளினிக்கிலேயே தங்க வைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெரு நாய்களுக்கு வேறு வழியில்லை. 2023-ஆம் ஆண்டு வந்த பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, மையத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வீட்டு நாய்க்கு அது செலவு. புது இடத்தில் சோறும் தின்னாது, பார்வோ என்ற தொற்றுநோய் வந்த குட்டிகள் வந்து போகும் இடத்தில் பத்து நாள் வைக்க எனக்கும் மனம் வராது.

நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் கருத்தடை, கட்டி எடுத்தல் போன்ற பத்து, பதினைந்து நாளில் முடியும் ஆபரேஷன்களை வைத்துத்தான். எலும்பு முறிவுக்குப் பிளேட் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரம் நாயை அடக்கி வைக்க வேண்டும். அப்படிப்பட்டவை என்னிடம் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் வந்திருக்கின்றன. ஒரு நிமிடக் குரல் அத்தனை வாரம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே வாரா வாரம் நேரில் வரச் சொல்வதே மேல் என்று தோன்றுகிறது. பூனை வளர்ப்பவர்களும் என்னிடம் குறைவு. சென்னை அடுக்ககத்தில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில் பாட்டி என்ற ஆளே இல்லை. பகலில் நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அக்காவுக்குத்தான் பதிவு போக வேண்டியிருக்கும்.

அந்தச் சிப்பிப்பாறையின் தங்கை போன மாதம் வந்தது. அதே பேரன், அதே பைக். இந்த முறை பதிவு பாட்டிக்குப் போனது. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, நான் போட்டோ கேட்காமலே, பாட்டியிடமிருந்து ஒரு குரல் பதிவு. "டாக்டரே, கோனு மாட்டித்தான் இருக்கு, நான் கழட்டல. ஆனா கோனோட கட்டிலுக்கு அடியில போயி மாட்டிக்கிச்சு. முன்னாலயும் வரல, பின்னாலயும் போவல. கட்டிலத் தூக்கவா, கோனக் கழட்டவா? சீக்கிரம் சொல்லுங்க, பேரன் தூங்குறான்."