வட்டப்பாத்தியா, இரட்டை வளையமா: எலுமிச்சைக்கு எது?

தென்னைக்குப் போடும் பாத்தியை அப்படியே எலுமிச்சைக்கும் போடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, தூர் நனையத் தண்ணீர் கட்டினாலும் மரம் தாங்கும். அடித்தண்டிலிருந்து புது வேர் விட்டுக்கொண்டே இருக்கிற மரம் அது. எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் உயிர் பட்டையில் இருக்கிறது. பட்டை ஈரத்தில் ஊறினால் பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய்க்கிருமி நுழையும். பட்டை அழுகி, வெடித்து, பிசின் வடியும். அழுகல் தண்டைச் சுற்றிவிட்டால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது. மரம் மெல்ல மஞ்சளாகிக் காயும்.

வட்டப்பாத்தியின் பலம் எளிமை. ஒரே வரப்பு, ஆளுக்கும் நேரத்துக்கும் செலவு குறைவு. முதல் ஓராண்டுக் கன்றுக்கு, தூரில் ஒரு கூடை மண் அணைத்துவிட்டால், இதுவே போதும். தண்ணீர் சட்டென வடியும் மணற்பாங்கான மண்ணில் பெரிய மரத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகும். களிமண்ணில் வேண்டவே வேண்டாம்.

இரட்டை வளையத்தில் தண்டைச் சுற்றி 45 செ.மீ. ஆரத்துக்கு மண்மேடு, தண்டுப் பக்கம் உயர்ந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். அதற்கு வெளியே 60 செ.மீ. அகல வளையப் பள்ளம், 10 முதல் 15 செ.மீ. ஆழம், அப்புறம் வெளிவரப்பு. சல்லிவேர்கள் அதிகம் பரவுவது கிளைநுனிக்குக் கீழே என்பதால், தண்ணீரும் எருவும் அங்கேயே சேர்கின்றன. 5 செ.மீ. தண்ணீர் நிறுத்த இந்த வளையத்துக்குச் சுமார் 140 லிட்டர் ஆகும். அதே வெளியளவுள்ள வட்டப்பாத்திக்கு 170 லிட்டர் ஆகும். வேலை கூடுதல்தான். மரம் விரிய விரிய ஆண்டுதோறும் வளையத்தைத் தள்ளிப் போட வேண்டும். அப்போது ஆழமாகக் கொத்தினால் வேர் அறுபடும்.

மேடு போடுகிறேன் என்று, வேர்ச்செடியும் ஒட்டும் சேரும் ஒட்டுப்பகுதியையே புதைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது தெரிய வேண்டும். அது தாழ்ந்திருக்கும் மரத்தில் மேட்டைச் சன்னமாக வைத்து, பள்ளத்தை இன்னும் தள்ளி எடுங்கள். மூடாக்கையும் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கியே போடுங்கள்.

எந்தப் பாத்தி எடுத்தாலும், ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீரை ஓடவிடாதீர்கள். நோயுள்ள மரத்தின் வித்துகள் அதோடு வரிசை முழுக்கப் போகும். நடுவில் வாய்க்கால் விட்டு, மரத்துக்கு ஒரு மடை திறப்பதே சரி. சொட்டுநீர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. சொட்டுவானைத் தூரில் வைக்காமல் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் சரி. பாத்தி எடுத்த மரத்துக்கு, கனமழையில் மட்டும் தண்ணீர் வடிய வெளிவரப்பை வெட்டிவிட வேண்டும்.

பிசின் ஏற்கெனவே வடிகிறதா? அழுகிய பட்டையைச் செதுக்கி, 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் விகிதத்தில் போர்டோ பசை தடவுங்கள். பாத்தியை அன்றே மாற்றுங்கள். பழைய பள்ளத்தில் தண்ணீர் நின்றால் பசை எத்தனை முறை தடவியும் பயனில்லை.