கணவன் விட்டுப்போனால்: இங்கிலாந்தா, கனெக்டிகட்டா?

17ஆம் நூற்றாண்டு. கப்பலேறிப் போன கணவனிடமிருந்து கடிதமும் இல்லை, காசும் இல்லை. அந்த மனைவி இங்கிலாந்தில் இருந்தால் ஒரு கதை, பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டன்ட்டுகள் குடியேறிய அமெரிக்கக் காலனியான கனெக்டிகட்டில் இருந்தால் வேறு கதை.

இங்கிலாந்தில் திருமண வழக்குகள் தேவாலய நீதிமன்றத்தின் கையில். அங்கே அதிகபட்சம் கிடைப்பது தனித்து வாழ அனுமதி. மறுமண உரிமை அதில் வராது. துணை உயிரோடு இருக்க மறுமணம் செய்தால் தூக்கு என்ற 1604ஆம் ஆண்டுச் சட்டம் சின்னச் சலுகை ஒன்று தந்தது. கணவன் ஏழு ஆண்டுகள் கடல்கடந்து இருந்துவிட்டால், வேறொருவரை மணந்த மனைவிக்குத் தண்டனை கிடையாது. ஆனால் பழைய கணவன் திடீரென்று வாசலில் வந்து நின்றால்? இரண்டாம் திருமணம் செல்லாது. தூக்குக்கயிறு இல்லை, அவ்வளவுதான்.

பியூரிட்டன்களுக்குத் திருமணம் புனிதச் சடங்கு அல்ல, உலகியல் ஒப்பந்தம். ஆரம்பத்தில் அதை நடத்திவைத்ததும் பாதிரியார் அல்ல, நீதிபதி. சரி, ஒப்பந்தத்தை ஒருவன் மீறினால் மற்றவர் விடுபடலாம் அல்லவா? கனெக்டிகட்டின் 1667ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே மூன்று ஆண்டுகள் கைவிட்டு, கடமையை அடியோடு மறந்திருந்தால் மணவிலக்கு உண்டு. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லையென்றாலும் உண்டு. அப்புறம் மறுமணம் முழுமையாகச் செல்லும்.

பெண் விடுதலை என்று அவசரப்பட வேண்டாம். தலைவன் இல்லாத வீடு அவர்கள் கண்ணுக்கு ஒழுங்கில்லாத வீடு. அவள் மறுபடி ஒரு குடும்பத்துக்குள் அடங்கட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும், காலமெல்லாம் வாசலைப் பார்த்தபடி இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.