தைவான் ஈஸிகார்டு: பல பயணங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

தைபேயில் முதல் நாளே வாங்க வேண்டியது ஈஸிகார்டு, அதாவது பணம் ஏற்றி, தட்டிப் பயன்படுத்தும் அட்டை. உள்ளூரில் 'யோயோ கா' என்பார்கள். 2002-இல் மெட்ரோவுக்காக வந்தது; இன்று பஸ், உள்ளூர் ரயில், செவன் இலெவன், ஃபேமிலி மார்ட் எல்லாவற்றிலும் செல்லும். விலை 100 தைவான் டாலர். இது திரும்பக் கிடைக்காது. உள்ளே பணமும் இருக்காது. ஆளுக்கு ஒன்று கட்டாயம், ஒரே கார்டில் இரண்டு பேர் நுழைய முடியாது.

வாங்கியவுடன் 500 ஏற்றிவிடுங்கள். தாவோயுவான் விமான நிலையத்திலிருந்து விமான நிலைய மெட்ரோவில் நகருக்கு வரவே சுமார் 150 போய்விடும். ஊதா நிற விரைவு வண்டி 35 முதல் 40 நிமிடத்தில் தைபே மெயின் ஸ்டேஷன் சேரும், நீல வண்டி எல்லா நிலையத்திலும் நிற்கும். கட்டணம் ஒன்றே, அதனால் போர்டில் நிறத்தைப் பார்த்து ஏறுங்கள்.

முதல் தடவை வருபவர்கள் சிக்குவது ரீசார்ஜில்தான். நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டை நீட்டினால் வேலைக்காகாது, ரொக்கம்தான். கடையில் 500 நோட்டோடு கார்டைக் கவுண்டரில் வைத்து 'ஜியா ஜ' (பணம் ஏற்றுங்கள்) என்றால் போதும், மொழி தேவையில்லை. ஏற்றுவது 100-இன் மடங்குகளில். மெட்ரோ மெஷினில் ஆங்கிலப் பொத்தான் உண்டு. ஆனால் போட்ட நோட்டு முழுவதும் ஏறிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; 1000 நோட்டைப் போட்டுவிட்டு மீதிக்குக் காத்திருக்காதீர்கள்.

பர்ஸோடு ரீடரில் வைத்துத் தட்டுவது இன்னொரு வழக்கமான தப்பு. உள்ளே வங்கிக் கார்டும் ஹோட்டல் ரூம் கார்டும் சேர்ந்திருந்தால் ரீடர் குழம்பி, கேட் திறக்காது. கார்டைத் தனியாக எடுத்து ஒரு நொடி வைத்து எடுங்கள், திரையில் மீதித் தொகை தெரியும். நகர மெட்ரோவில் ஒரு பயணத்துக்கு 20 முதல் 65 டாலர் வரை ஆகும். நகர மெட்ரோவில் பணம் போதாவிட்டாலும் வெளியேற ஒருமுறை மைனஸில் போக விடும், அடுத்த நுழைவுக்கு ரீசார்ஜ் வேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். வழித்தடத்தின் ஒரு பகுதிக்கு 15 டாலர். இறங்கும்போது மறந்தால், மெட்ரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ் மாறுவோருக்கான 8 டாலர் சலுகை போய்விடும். கூட்டத்தில் பின்கதவுப் பக்கம் தள்ளப்பட்டு மறப்பதுதான் வழக்கம், கார்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

மெட்ரோ கேட்டுக்கு அப்பால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சூயிங்கமும் அப்படியே. அபராதம் 1,500 முதல் 7,500 டாலர். தாகம் எடுக்கும் குழந்தையோடு போகிறவர்கள் நுழையும் முன்பே குடிக்கவைத்து விடுவது நல்லது.

இனி, கார்டு எங்கே கைவிடும்? அதிவேக ரயிலுக்குத் தனி டிக்கெட். கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியன் போகும் தாரோகோ, புயுமா விரைவு ரயில்களிலும் தட்டிவிட்டு ஏற முடியாது, முன்பதிவு வேண்டும். வார இறுதியில் சீக்கிரமே தீர்ந்துவிடும். நின்று நின்று போகும் லோக்கல் ரயிலில் கார்டு போதும். ஷிலின், ராவ்ஹே இரவுச் சந்தைகளில் பெரும்பாலும் ரொக்கம்தான், 100 நோட்டுகள் ஒரு கட்டு இருந்தால் நிம்மதி. ஜியுஃபென் என்ற மலை ஊருக்குப் போகும் பஸ்ஸில் கார்டு செல்லும், ஆனால் ஏறுமுன் மீதியைப் பாருங்கள். நீளமான வழி, கட்டணமும் நகர பஸ் போல 15 அல்ல.

சைவர்களுக்கு ஒரு சொல்: கடையில் பொட்டலத்தின் மேல் 'சூ' என்ற எழுத்தைத் தேடுங்கள், சைவம் என்று பொருள். ஆனால் முட்டை சேர்ந்த வகையும் அதே எழுத்தோடு வரும்; முட்டை வேண்டாதவர்கள் முழுச்சைவமான 'சுவான் சூ'வைப் பார்த்து எடுங்கள்.

கடைசி நாளில் மீதியை மெட்ரோ நிலையத்தில் திரும்பப் பெறலாம். வாங்கி மூன்று மாதம் ஆகாமலோ, ஐந்து தடவைகூடப் பயன்படுத்தாமலோ கொடுத்தால் 20 டாலர் பிடிப்பார்கள். சுற்றுலா வந்தவருக்கு இது கட்டுப்படியாகாது. விமான நிலையக் கடையில் மீதிக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வாங்கிவிட்டு, கார்டை அடுத்த பயணத்துக்குப் பத்திரப்படுத்துங்கள். வருடக் கணக்கில் கிடந்த கார்டு கேட்டில் மறுத்தால், அருகிலுள்ள நிலையத் தகவல் கவுண்டரில் காட்டுங்கள்.