வேகக் கட்டுப்பாடு போட்டாச்சு என்று சொன்னால் அப்படியே நம்பாதீர்கள்

சர்வர் வேலையை வெளியாட்களிடம் கொடுப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் தளத்திலிருந்து பெரிய கோப்புகளைப் பலர் சேர்ந்து இறக்கும்போது, அதே சர்வரில் ஓடும் மெயில் திணறும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கூட நகராது. வெப் டிராஃபிக்கை மட்டும் நொடிக்கு 20 மெகாபிட்டுக்குள் நிறுத்தித் தரச் சொல்லி ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம். நெட்வொர்க் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் டிசி (tc) கட்டளையில், டிராஃபிக்கை கிளாஸ் என்ற பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் வேகம் வைக்கும் எச்டிபி (HTB) முறைப்படி செய்துவிட்டதாகச் சொல்லி, கிளாஸ் பட்டியலைப் படமெடுத்தும் அனுப்பினார்கள்.

மெயில் திணறுவது மட்டும் நிற்கவில்லை. கேட்டால், "உங்கள் நெட்வொர்க் கோளாறு" என்றார்கள். கடைசியில் நானே உள்ளே போய், ஒவ்வொரு கிளாஸிலும் எவ்வளவு போனது என்று காட்டும் ‘டிசி மைனஸ் எஸ் கிளாஸ் ஷோ’ (tc -s class show) கொடுத்துப் பார்த்தேன். வெப்புக்கென்று போட்ட கிளாஸில் அனுப்பிய பைட் 0, பாக்கெட் (தரவுத் துண்டு) 0. எந்த பாக்கெட் எந்த கிளாஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஃபில்டரில் ‘டிபோர்ட் 80’, அதாவது சேரும் போர்ட் எண் 80, என்று எழுதியிருந்தார்கள். சர்வரிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டில் 80 (எச்டிடிபி), 443 (எச்டிடிபிஎஸ்) எல்லாம் புறப்படும் போர்ட்; சேரும் போர்ட் பார்வையாளர் கணினியில் ஏதோ ஒன்று. ‘எஸ்போர்ட்’ என்றல்லவா இருக்க வேண்டும்? அதுவும் தளம் முழுக்க எச்டிடிபிஎஸ், 443 பற்றிப் பேச்சே இல்லை. எச்டிபியில் டிஃபால்ட் கிளாஸ் குறிப்பிடாவிட்டால், ஃபில்டரில் சிக்காதது நெட்வொர்க் கார்டின் முழு வேகத்தில் போய்விடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. ஓடவே ஓடாத விதியைப் படமெடுத்து ‘முடிந்தது’ என்று அனுப்பியதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினார்கள், ரேட்டை ‘20எம்பிபிஎஸ்’ என்று போட்டு. டிசியில் எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு மெகாபைட். அதாவது 160 மெகாபிட். ‘எம்பிட்’ என்று எழுத வேண்டும், மேனுவலிலேயே இருக்கிறது. அதையும் மாற்ற வைத்தோம். அப்புறம் கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்ததும் மொத்த விதிகளும் போய்விட்டன. டிசி விதிகள் தானாகச் சேமிக்கப்படாது. பூட் ஆகும்போது மறுபடி போட ஒரு சிஸ்டம்டி சர்வீஸாவது எழுதியிருக்க வேண்டும். "அது தனி வேலை, தனிக் கட்டணம்" என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டோம், டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள் பணம் கட்டும் முன், வெளியிலிருந்து எச்டிடிபிஎஸ் வழியே ஒரு பெரிய கோப்பை இறக்கி, அந்த கிளாஸின் கணக்கு ஏறுவதைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) இருந்தால் அதிலும் பாருங்கள். பழைய முறையான ஐபிவி4க்கு மட்டும் எழுதிய ஃபில்டர் அதைப் பிடிக்காது. சர்வரை ரீபூட் செய்யச் சொல்லி, இதையே இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.