சார்லஸ் பாலமா, சாந்தாஞ்சலோ பாலமா?

ப்ராக் நகரின் சார்லஸ் பாலம், ரோமின் சாந்தாஞ்சலோ பாலம் இரண்டிலும் நடந்தாகிவிட்டது. ஒன்றுக்குத்தான் வாய்ப்பு என்றால் எங்கே போகலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் ரோம் என்றுதான் சொல்கிறேன். பலருக்கு ஆச்சரியம். பேரும் புகழும் சார்லஸ் பாலத்துக்குத்தானே அதிகம்?

இரண்டிலும் வண்டிகள் ஓடாது, கட்டணம் இல்லை, பகலில் கூட்டம் நெரியும். சுற்றுக்காட்சியில் ப்ராக் ஒரு படி மேல்தான். 1357இல் நான்காம் சார்லஸ் காலத்தில் தொடங்கிய பாலம், அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், கீழே வல்தாவா ஆறு, எதிரே குன்றின் மேல் கோட்டை. சாந்தாஞ்சலோ வெறும் 135 மீட்டர்.

ஆனால் நான் போனது சிலைகளுக்காக. ப்ராக்கில் 30 சிலைத் தொகுதிகள். 1683இல் வைத்த நெப்போமுக் ஜான் தொடங்கி 1938இல் வைத்த சிரில், மெத்தோடியஸ் வரை வெவ்வேறு காலம், வெவ்வேறு கை. துறவற சபைகள், பிரபுக்கள், பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு என்று ஆளாளுக்கு ஒரு புனிதரை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அருமைதான். ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை. யார் யாரென்று தெரியாவிட்டால் பாதிப் பாலத்திலேயே கண் சலித்து ஆற்றைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ரோமில் பத்தே வானதூதர்கள். 1660களின் இறுதியில் பாப்பரசர் ஒன்பதாம் கிளமெண்டுக்காக சிற்பி பெர்னினி திட்டமிட்டது. பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர்கள் அவர்கீழ் வேலை செய்த சிற்பிகள். ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் பாடுகளில் ஒன்றின் அடையாளம். நகரத்துப் பக்கம் பேதுரு, பவுல் சிலைகளைத் தாண்டினால் முதல் இணையிடம் கட்டிவைத்து அடித்த தூணும் சாட்டையும். அப்புறம் முள்முடி, வெரோணிக்கா முகம் துடைத்த துணி. அடுத்து அங்கியும் பகடையும், ஆணிகள். பிறகு சிலுவை, அதன் உச்சியில் அறைந்த பலகை. கடைசியாகக் காடியில் தோய்த்த கடற்பஞ்சும் ஈட்டியும். தவக்காலத்தில் சிலுவைப்பாதை, அதாவது இந்தப் பாடுகளைப் படிப்படியாகத் தியானிக்கும் வழிபாடு, செய்தவர்களுக்கு வழிகாட்டியே வேண்டாம். நடக்க நடக்கக் கதை முன்னே நகர்கிறது. புனித பேதுரு பேராலயத்துக்கு யாத்திரிகர்கள் போன வழி இது. அதனால் திசை முக்கியம். பாலத்தின் மறுமுனையில் இருக்கும் சாந்தாஞ்சலோ கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதலில் நகரத்துக் கரைக்குப் போய்விட்டு, அங்கிருந்து திரும்பி நடக்க வேண்டும். இல்லையென்றால் ஈட்டியில் தொடங்கிச் சாட்டையில் முடியும்.

அசல், நகல் கணக்கு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ப்ராக்கில் நிற்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். பெர்னினி தாமே செதுக்க எடுத்துக்கொண்ட முள்முடி, பலகை வானதூதர்களின் அசல்களும் ரோமில் பாலத்தில் இல்லை; சாந்தாந்த்ரேயா தெல்லே ஃப்ராத்தே தேவாலயத்தில் அவற்றைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

பனிக்கால ப்ராக்கை நான் பார்த்ததில்லை. கூட்டம் குறைந்து, ஒவ்வொரு சிலை முன்னும் நின்று பார்க்க முடிந்தால் என் எண்ணம் மாறலாம். ஓர் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இப்போதே மாற்றிச் சொல்வேன். முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய சவேரியார் அந்தப் பாலத்தில் இருக்கிறார், பல நாட்டு மக்கள் அவரைத் தாங்கி நிற்கிறார்கள். பெர்டினான்ட் ப்ரோகோஃப் செதுக்கிய அசல் 1890 வெள்ளத்தில் ஆற்றில் விழுந்தது. இப்போது நிற்பது அதன் நகல். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக்காரர் கேட்டால் யோசிக்காமல் ப்ராக் என்றுதான் சொல்வேன்.