மசில் கார் அடையாளக் கையேடு: படங்களுக்காக வாங்கலாம், தீர்ப்புக்காக வேண்டாம்

1964 முதல் 1974 வரையிலான அமெரிக்க மசில் கார்களை (பெரிய, திறன்மிக்க இன்ஜின் பொருத்திய வேகமான கார்களை) இனங்காண உதவும் என்று விற்கப்படும் ஆங்கிலக் கையேடு ஒன்றை அண்மையில் முழுவதுமாகப் படித்தேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கீழே சொல்லும் பிழைகள் அந்த ஒரு நூலுக்கு மட்டும் உரியவை அல்ல, இவ்வகைக் கையேடுகள் பலவற்றிலும் வழிவழியாக வருபவை. அச்சு நேர்த்தி, கையடக்கமான அளவு, ஒவ்வொரு காருக்கும் முன்புறமும் பின்புறமும் காட்டும் வண்ணப்படங்கள் ஆகியவற்றில் குறை சொல்ல இடமில்லை.

உருவ வேறுபாடு தெளிவாக இருக்கும் இடங்களில் நூல் நன்றாகவே வழிகாட்டுகிறது. 1967 ஷெவர்லே கமேரோவின் கதவுக் கண்ணாடிக்கு முன்னே சிறிய முக்கோணக் கண்ணாடி இருக்கும், 1968இல் அது இல்லை, மாறாகப் பக்கவாட்டில் சிறு விளக்குகள் வந்தன என்ற விளக்கம் சரியானது. தெருவில் பார்த்த மாத்திரத்தில் பயன்படுவதும் கூட. பிளிமத் பாரகுடாவில் நான்கு ஹெட்லைட்டுகள் உள்ளது 1971 மட்டுமே என்பதையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் டாட்ஜ் சார்ஜரில் 1968, 1969 படங்களின் குறிப்புகள் இடம் மாறியிருக்கின்றன. கிரில் நடுவே பிரிந்தும் டெயில் லைட்டுகள் நீண்டும் இருப்பது 1969. பிரியாத கிரிலும் வட்ட டெயில் லைட்டுகளும் 1968. இது அச்சுப்பிழை என்று மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது கமேரோவின் பந்தய வகையான இசட்/28 பற்றிய பக்கம். 1967 வண்டியின் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகட்டில்) இசட்/28 சின்னத்தைத் தேடுமாறு நூல் அறிவுறுத்துகிறது. அந்த ஆண்டில் அப்படி ஒரு சின்னமே பொருத்தப்படவில்லை. பந்தய விதிகளின் 305 கனஅங்குல வரம்புக்குள் அடங்குமாறு 302 கனஅங்குல இன்ஜினோடு செய்யப்பட்ட 602 வண்டிகளும் பானட்டிலும் பின்மூடியிலும் ஓடும் அகலமான கோடுகளோடு, பெயர் சொல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. படத்தில் உள்ள வண்டியோ பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. அதில் எவரோ ஒட்டிய சின்னத்தைத் தொழிற்சாலை அடையாளமாக நூலாசிரியர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இத்தகைய நூல்களின் பெரும்பாலான பிழைகளுக்கு இதுவே வேர் என்று கருதுகிறேன்: கண்காட்சியில் பளபளக்கும் ஒரு வண்டியைப் படமெடுத்து, அந்த ஆண்டின் எல்லா வண்டிகளுக்கும் அதையே சான்றாக்கிவிடுகிறார்கள்.

சின்னத்தை நம்புவதன் ஆபத்து போன்டியாக் ஜி.டி.ஓ.விலும் ஷெவர்லே ஷெவலின் உயர்திறன் வகையான எஸ்.எஸ்.ஸிலும் இன்னும் பெரிது, ஏனெனில் அங்கே பணம் புழங்குகிறது. 1964இலும் 1965இலும் ஜி.டி.ஓ. என்பது போன்டியாக்கின் லெமான்ஸ் வண்டிக்கான கூடுதல் தொகுப்பு மட்டுமே. சேஸிஸ் எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 1966இல் தனி வரிசையாகி, எண் 242 என்று தொடங்கிய பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஷெவலில் நிலைமை நேர் எதிர். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ்.396 வண்டிகளின் எண் 138 என்று தொடங்கும். 1969இல் அது கூடுதல் தொகுப்பாக மாறியதால் எண் மௌனமாகிவிட்டது. ஷெவலின் சாதாரண வகையான மாலிபுவின் மேல் கோடுகளும் எழுத்துகளும் ஒட்டி விற்பவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டிய நூல், இரு கார்களுக்கும் 'சின்னங்களைக் கவனிக்கவும்' என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிடுகிறது. பெட்ரோல் டேங்கின் மேல் சில வேளைகளில் கிடைக்கும் தயாரிப்புத் தாளை (அந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலை எழுதிய தாளை) பற்றியும், போன்டியாக் வண்டிகளுக்குப் பழைய ஆவணங்களின் நகல் பெற முடியும் என்பதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

நூலின் பின்பகுதியில் உள்ள குறியீட்டு அட்டவணை இன்னும் மோசமான வழியில் இழுத்துச் செல்லும். டாட்ஜ், பிளிமத் ஆகியவற்றைத் தயாரித்த கிரைஸ்லரின் வண்டிகளின் சேஸிஸ் எண்ணில் ஐந்தாம் எழுத்து இன்ஜினைக் குறிக்கிறது என்பது சரி. ஆனால் 426 கனஅங்குல ஹெமி என்ற உயர்திறன் இன்ஜினுக்கு 'ஜே' என்று எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். 1966இல் அது 'எச்', 1967 முதல் 1969 வரை 'ஜே', 1970இலும் 1971இலும் 'ஆர்'. பாரகுடாவின் உயர்திறன் வகையான 1970 குடாவில் 'ஜே' என்பது மூன்று கார்புரேட்டர்கள் கொண்ட 340 கனஅங்குல இன்ஜின். அதுவும் அருமையான வண்டிதான். ஆயினும் ஹெமி விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த ஆறுதல் போதாது.

குதிரைத்திறன் பட்டியலிலும் இதே கவனக்குறைவு. ஷெவர்லேயின் 454 கனஅங்குல எல்.எஸ்.5 இன்ஜினுக்கு 1971இல் 365, 1972இல் 270 என்று எழுதி, 'ஒரே ஆண்டில் திறன் சரிந்தது' என்று விளக்கமும் தருகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவீடுகள். முன்னது துணைக் கருவிகள் இல்லாமல் இன்ஜினை மட்டும் தனியே நிறுத்தி அளந்தது. பின்னது வண்டியில் பொருத்தும் சைலன்சர் முதலான பாகங்களோடு அளந்தது. 1971 இன்ஜினின் பின்வகை அளவு 285 என்பதால் உண்மையான இறக்கம் 15தான்.

ஃபோர்டு மஸ்டாங் பக்கத்தில் '1964½' என்பதைத் தனி மாடல் ஆண்டாகக் காட்டியதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ரசிகர்களின் வழக்கு அது. ஆனால் 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் வண்டிகளின் எண்ணும் 1965ஐக் குறிக்கும் 5 என்ற இலக்கத்தோடுதான் தொடங்குகிறது என்பதையும், ஆல்டர்னேட்டருக்குப் பதில் ஜெனரேட்டர் இருப்பதே அவற்றின் நல்ல அடையாளம் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

பொம்மைக் கார் சேகரிப்பவர்களும் படம் வரைபவர்களும் தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கலாம். ஹெமி அட்டவணையை மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்ளவும்.