கம்பிக்குக் கீழே ஓரங்குலம்

இலங்கையின் வடக்கே பூநகரியில் அப்பாவின் காணியில் எழும்பும் வீட்டை ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப்பில்தான் பார்த்து வருகிறேன். கொந்தராத்துக்காரர் அனுப்பும் படமெல்லாம் ஒரே மாதிரி. வாசல் பக்கம் எட்ட நின்று எடுத்தது. கீழே, "வேலை நல்லாப் போகுது அண்ணை" என்று ஒரு வரி. அவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தால் கோணல் சுவரும் நேராகத்தான் தெரியும்.

இந்த முறை கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் நின்றுகொண்டு, குளியலறைச் சாமான் எடுக்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். அந்தத் தெரு கொஞ்சமும் மாறவில்லை. மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் வண்டில் தள்ளி வர, லொறி பின்னுக்கு எடுக்க, நாங்கள் கடைப்படியில் ஏறி ஒதுங்க வேண்டும். குழாய்களுக்கு விலை பேசிக்கொண்டு நிற்கும்போது போனில் படம் வந்தது. மேல்தட்டுக்குக் கம்பி கட்டியாயிற்றாம், விடியக் கொங்கிரீற்றாம்.

பில் எழுதிக்கொண்டிருந்த வயதான கடைக்கார நாநா, "வீடா கட்டுறீங்க? காட்டுங்க பாப்பம்" என்றார். கண்ணாடியை மேலே தூக்கி விட்டு, படத்தை விரலால் விரித்து ஒரு மூலையில் நிறுத்தினார்.

"தம்பி, கம்பி பலகையில படுத்துக் கிடக்கே. கவர் புளொக் ஒண்டையும் காணல்ல."

பெட்டி பெட்டியாக டைல்ஸ் விற்கலாம் என்று நினைக்கிற கடைக்காரர் பேசுகிற பேச்சில்லை இது. ஒரு துண்டுக் கம்பியை மேசையில் வைத்து, அதன் கீழே சின்னச் சீமெந்துக் கட்டியைச் செருகிக் காட்டினார். கொங்கிரீற்றைத் தாங்கும் பலகைக்கும் கம்பிக்கும் இடையில் ஓரங்குலமாவது இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் கொங்கிரீற் இறங்கினால்தான் கம்பி மூடுப்படும். இல்லாவிட்டால் பலகையைக் கழற்றும்போது கம்பி அடிப்பக்கத்திலேயே தெரியும். ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும், துருப்பிடித்த இரும்பு பருத்து, கீழே உள்ள கொங்கிரீற்றைத் தள்ளிப் பாளம் பாளமாக விழுத்தும். பூநகரி என்றதும் அவர், "கடக்கர உப்புக் காத்து வேற" என்று தலையை ஆட்டினார்.

கொந்தராத்துக்காரருக்கு அங்கேயே நின்று போன் எடுத்தேன். "அண்ணை, நாங்கள் எத்தினை வீடு கட்டினனாங்கள், ஒண்டும் நடக்காது. மிக்சரும் ஆக்களும் விடிய வந்திடுவினம்" என்றார். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ரொறன்ரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அத்திவாரம் போட்டபோது, நகரசபைப் பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கொங்கிரீற் லொறியைக் கூப்பிட்டார். இங்கே பிரதேச சபை வரைபடத்துக்கு அனுமதி தந்தது. வீடு முடிந்த பிறகு சான்றிதழுக்கும் அங்கேதான் போக வேண்டும். கம்பி மூடுப்படப் போகிற நாளில் எங்கள் காணிக்கு ஒருவரும் வந்து பார்க்கவில்லை. காசு அனுப்புகிறவனுக்குத் தெரியவா போகிறது என்ற துணிவுதான் என்னைச் சுட்டது.

நாநா போனை வாங்கினார். சத்தம் போடவில்லை. "மேசன் பாஸுக்குக் குடுங்க" என்று கேட்டு, அந்த மேசனோடு தொழில்காரர் தொழில்காரரோடு பேசுகிற மாதிரிப் பேசினார். கட்டியை மூன்றடிக்கு ஒன்றாக வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கச் சொன்னார். மேசன் உடனே ஒத்துக்கொண்டார். அவரிடம் கட்டி இல்லை, வாங்கிக் கொடுக்க ஆளும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு மூட்டை கட்டி அன்றிரவே காலி வீதியில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறியது. விடியப் பரந்தனில் மச்சான் மோட்டார் சைக்கிளோடு நின்று இறக்கினான். இதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கேரதீவில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்து, சங்குப்பிட்டியில் இறங்கித்தான் அப்பா தன் வீட்டுக்குச் சீமெந்து கொண்டு வந்தார். அங்கே பாலம் திறந்ததே 2011இல்தான். கனடாவில் கூடப் பார்சல் ஒன்று இவ்வளவு கெதியாக எனக்கு வந்து சேர்ந்ததில்லை.

கொங்கிரீற் ஒரு நாள் பிந்தியது. மிக்சர் வாடகை என்று கொந்தராத்துக்காரர் முணுமுணுத்தார், கொடுத்தேன். ஊற்ற முதல் மேசனே குனிந்து, கம்பிக்குக் கீழே விரலை விட்டுப் படம் எடுத்து அனுப்பினார். அதை நாநாவுக்குக் காட்டப் போனபோது தேத்தண்ணி தந்து, குழாய்க்கு மட்டும் காசு எடுத்தார்.

"தட்டத் தாங்குற முட்டுக் கழட்ட அவசரப்படுவாங்க. மூணு கிழம விடுங்க, தண்ணி நல்லா ஊத்தச் சொல்லுங்க. கழட்ட முதல் எனக்கொரு கோல் எடுங்க."

நேற்று கொந்தராத்துக்காரர் முட்டுக்களை வேறு வேலைக்குக் கேட்டார். மூன்று கிழமை முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.